மழை யார் தந்தது? ஜாஹிலிய்யா நம்பிக்கைகளும் இஸ்லாமியக் கொள்கையும்: வன்னியிலிருந்து ஒரு வாசிப்பு

வன்னியின் இரணைமடுக் குளத்துக்கு மலைநாட்டிலிருந்து வரும் ஆறு கிடையாது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துக் காடுகளில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு வடக்கே வருகிறது. குளம் நிறைந்தால் மிச்சம் சுண்டிக்குளம் களப்பில் போய்ச் சேரும். 1885இல் ஹென்றி பாக்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் இந்த ஆற்றை மறித்துக் குளம் கட்டலாம் என்று முன்மொழிந்தார். 1902இல் தொடங்கிய வேலை 1920இல் முடிந்தது. பின்னர் கட்டு பல தடவை உயர்த்தப்பட்டது, கதவுகள் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் அடிப்படை மாறவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை பெய்தால் காலபோகத்தோடு சிறுபோகமும் உண்டு. மழை பிழைத்தால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்தில் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட நிலத்தில் குளக்கட்டுக்கொரு தெய்வம் இருப்பது இயல்பு. இரணைமடுவில் கனகாம்பிகை அம்மன் இருக்கிறாள். வன்னியின் சிறு குளங்களில் பிள்ளையாரும் ஐயனாரும் காவல். முல்லைத்தீவுப் பக்கம் வற்றாப்பளைக் கண்ணகிக்கு வைகாசிப் பொங்கல் நடக்கிறது. கடல்நீர் எடுத்துவந்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். இரணைமடுவை முன்மொழிந்த அதே பாக்கர், ஐயனார் வழிபாட்டைத் தாம் 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில் ஆராய்ந்தார். குளத்தை அளந்தவரே குளத்துத் தெய்வத்தையும் விசாரிக்க நேர்ந்தது. இந்த நிலத்தில் நீரைப் பற்றிய கேள்வியும் தெய்வத்தைப் பற்றிய கேள்வியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

மழையை நம்பி வாழும் நிலத்தில் நின்று ஏழாம் நூற்றாண்டு அரேபியாவைப் பார்க்கும்போது பாடநூல்கள் அழுத்திச் சொல்லாத ஒரு பக்கம் தெரிகிறது. இஸ்லாத்துக்கு முந்தைய ஜாஹிலிய்யாக் காலம் என்றதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படுவது சிலை வணக்கம், பெண் குழந்தையை உயிரோடு புதைத்தல், மது, வட்டி, குலப்பகை என்ற வரிசை. அவை எல்லாம் உண்மைதான். குர்ஆனே அவற்றைச் சுட்டுகிறது. ஆனால் இஸ்லாமியக் கொள்கை பழைய நம்பிக்கையிலிருந்து எந்த இடத்தில் முறிந்து விலகியது என்பதை அந்த வரிசை காட்டுவதில்லை. என் வாசிப்பில் அந்த முறிவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் மழை.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது 628இல், நபிகள் நாயகம் தோழர்களோடு மக்காவுக்கு வெளியே ஹுதைபிய்யாவில் தங்கியிருந்தார்கள். ஓர் இரவு மழை பெய்தது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் அவர்கள் மக்கள் பக்கம் திரும்பி, உங்கள் இறைவன் என்ன சொன்னான் தெரியுமா என்று கேட்டார்கள். ஸைத் இப்னு காலித் என்ற தோழர் அறிவித்து, புகாரியின் நபிமொழித் தொகுப்பில் பதிவான செய்தி இது. இறைவனின் அருளால் மழை பெய்தது என்று சொன்னவர் இறைவனை நம்பி, நட்சத்திரத்தை மறுத்தவர் ஆனார்; இன்ன நட்சத்திரத்தால் பெய்தது என்றவர் நட்சத்திரத்தை நம்பி, இறைவனை மறுத்தவர் ஆனார். செய்தியின் சாரம் இதுதான். சுற்றிலும் சிலை எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள். இரவு பெய்த மழையைப் பற்றிக் காலையில் மனிதர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒரு பேச்சிலேயே கொள்கையின் எல்லை வரையப்பட்டது.

அந்த நட்சத்திரப் பேச்சுக்கு அரபுகள் வைத்திருந்த பெயர் அன்வா. சந்திரன் தங்கிச் செல்லும் 28 மனைகளாக வானத்தைப் பிரித்து, ஏறத்தாழ 13 நாளுக்கு ஒருமுறை ஒரு நட்சத்திரக் கூட்டம் விடியலில் மேற்கே மறைவதையும் அதற்கெதிரானது கிழக்கே உதிப்பதையும் கவனித்து, அந்தந்த நாட்களின் மழை, காற்று, குளிர், வெப்பம் எல்லாவற்றையும் அந்த நட்சத்திரத்தோடு இணைத்தார்கள். அரபுகளின் பழைய விண்மீன் அறிவு, இந்தியாவிலிருந்து போன நட்சத்திர மனைக் கணக்கோடு கலந்து பிற்காலத்தில் 28 என்ற ஒழுங்குக்கு வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. மழைக்குப் பேர்போன மீன்கூட்டங்களில் ஒன்று ஸுரையா. நம்முடைய கார்த்திகைதான் அது. நவம்பர் அளவில் கார்த்திகை மீன்கள் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும். மாலையில் கிழக்கே எழுந்து விடியலில் மேற்கே இறங்கும். அந்த நாட்களில் முழுநிலா அதன் அருகே வருவதால்தான் நம் மாதத்துக்கு அந்தப் பெயர். அரேபியப் பாலைவனத்துக் குளிர்கால மழைக்கும் வன்னியின் வடகீழ்ப் பருவமழைக்கும் ஒரே மீன்கூட்டம் காலங்காட்டியாக நின்றிருக்கிறது. கிளிநொச்சியில் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் ஒருவருக்கு ஹுதைபிய்யாச் செய்தி அந்நியமாகத் தோன்றாது.

மக்கத்துக் குறைஷிகள் இறைவன் என்ற ஒருவனை அறியாதவர்கள் என்று நினைப்பது தவறு. வானிலிருந்து நீரை இறக்கி, செத்த நிலத்தை உயிர்ப்பிப்பவன் யார் என்று அவர்களிடம் கேட்டால் அல்லாஹ் என்றே சொல்வார்கள் என்கிறது குர்ஆனின் 29ஆம் அத்தியாயம். கடலில் புயல் வந்தால் அவனை மட்டும் அழைத்து, கரையேறியதும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று 31ஆம் அத்தியாயம் குறை சொல்கிறது. லாத், உஸ்ஸா, மனாத் ஆகிய தெய்வங்களை அவர்கள் உலகைப் படைத்தவர்களாகக் கொள்ளவில்லை. படைத்தவனிடம் பரிந்து பேசுபவர்களாகக் கொண்டார்கள். இந்த மூன்று பெயர்களும் வரும் 53ஆம் அத்தியாயமே, ஷிஃரா என்ற விண்மீனுக்கும் அவனே அதிபதி என்று பெயர் சுட்டிச் சொல்கிறது. குஸாஆ குலத்தில் அந்த மீனை வணங்கியவர்கள் இருந்தார்கள் என்பது உரையாசிரியர்கள் தரும் விளக்கம். ஆகவே தர்க்கம் நடந்தது கடவுள் உண்டா என்பதில் அன்று. ஒரே இறைவனின் ஆட்சியில் வேறு யாருக்காவது சொந்தப் பங்கு உண்டா என்பதே கேள்வி.

இதை எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். ஜாஹிலிய்யாவைப் பற்றி நம் கையில் உள்ள பெரும்பாலான செய்திகள் முஸ்லிம் அறிஞர்கள் பிற்காலத்தில் தொகுத்தவை. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த இப்னுல் கல்பியின் சிலைகளைப் பற்றிய நூல் அவற்றுள் முதன்மையானது. ஜெரால்ட் ஹாட்டிங் 1999இல் எழுதிய ஆய்வு இந்த மரபைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. குர்ஆன் கண்டிக்கும் இணைவைப்பாளர்கள் தம்மை ஓரிறைவாதிகளாகவே கருதியிருக்கலாம் என்றது. அந்த முடிவு முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் கல்வெட்டுகள் அந்தச் சந்தேகத்துக்கு ஓரளவு இடம் கொடுக்கின்றன. யெமனின் ஹிம்யர் அரசர்கள் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பல தெய்வப் பெயர்களைக் கைவிட்டு, ரஹ்மானான் என்ற ஒரே பெயரைப் பொறித்தார்கள். இன்னொரு பக்கம், சிரியா, யோர்தான் எல்லையின் கருங்கல் பாலைவனத்தில் நாடோடிகள் ஸஃபாயிதிக் எழுத்தில் கீறிவைத்த ஆயிரக்கணக்கான சிறு வரிகள் உள்ளன. அஹ்மத் அல்-ஜல்லாத் அவற்றை வைத்து அந்த மக்களின் சமயத்தை 2022இல் வெளியான நூலில் மீட்டெடுத்திருக்கிறார். மழை வராமல் மனம் சோர்ந்தவர்களும், லாத், பஅல்சமீன் என்ற தெய்வங்களைக் கூப்பிட்டவர்களும் அந்தக் கற்களில் இருக்கிறார்கள். தொகுப்பாசிரியர்களின் கை படாத குரல்கள் அவை. அங்கும் ஏக்கத்தின் நடுவில் இருப்பது மழை.

வறட்சி முற்றினால் அரபுகள் செய்த ஒரு சடங்கை அரபு எழுத்தாளர் ஜாஹிஸ் தம் விலங்குகள் பற்றிய நூலில் பதிந்திருக்கிறார். உலர்ந்த எருக்கு இனச் செடிகளையும் வேறு சுள்ளிகளையும் மாடுகளின் வாலில் கட்டித் தீ வைத்து, மலை மேல் ஓட்டிவிடுவார்கள். புகையும் நெருப்பும் மின்னலையும் மேகத்தையும் இழுத்துவரும் என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் கொடும்பாவி கட்டி இழுத்து அழுததும், மட்டக்களப்பில் மழைக்காவியம் பாடுவதும் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. அவற்றில் இந்தக் கொடுமை இல்லை. ஆயினும் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மனித நிலை ஒன்று. வானம் திறக்கவில்லை, பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும்.

மரங்களின் கதையும் இப்படியே. தாத் அன்வாத் என்றொரு மரத்தில் ஆயுதங்களைத் தொங்கவிட்டு அரபுகள் அருள் தேடினார்கள். 630இல் ஹுனைன் போருக்குப் போகும் வழியில், புதிதாக இஸ்லாத்துக்கு வந்த சிலர் எங்களுக்கும் அப்படி ஒரு மரம் குறித்துத் தாருங்கள் என்று நபியிடமே கேட்டார்கள். மூஸாவின் மக்கள் தமக்கொரு தெய்வம் செய்துதரக் கேட்டதைப் போன்ற கேள்வி இது என்று நபிகள் கண்டித்தார்கள். கண்டித்தார்களே தவிர, அவர்களைக் கூட்டத்திலிருந்து விலக்கவில்லை. இந்த இரண்டாம் பகுதி இன்றைய விவாதங்களில் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. வன்னியிலும் அநுராதபுரம் பக்கத்துக் காடுகளிலும் வழிப்போக்கர் ஒரு கொப்பை முறித்து மரத்தில் தொங்கவிட்டு, யானைக்கும் கரடிக்கும் தப்பிப் போக அனுமதி கேட்பது பழைய வழக்கம். காட்டுப் பாதையில் தனியே போகிறவனின் பயம் பாலைவனத்திலும் வன்னியிலும் ஒன்றுதான். அந்தப் பயத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் கொள்கை வேறுபடுகிறது.

தொற்று என்ற நம்பிக்கை, ஹாமா என்ற பறவை, ஸஃபர் மாதத்தின் பீடை ஆகியவற்றோடு நட்சத்திர மழையையும் ஒரே மூச்சில் மறுக்கும் நபிமொழி ஒன்று இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உண்டு. ஹாமா என்பது பழிவாங்கப்படாமல் கிடக்கும் இறந்தவனின் தலையிலிருந்து எழுந்து, கல்லறை மேல் அமர்ந்து, எனக்குக் குடிக்கத் தாருங்கள் என்று கத்தும் ஆந்தை. அது கேட்டது பகைவனின் இரத்தம். அதே அரபுக் கவிஞர்கள் தம் உறவினரின் கல்லறையை மேகம் நனைக்கட்டும் என்று இரங்கல் பாடினார்கள். அவர்கள் நம்பிக்கையில் இறந்தவருக்குத் தாகம் உண்டு. மீண்டும் உயிர்த்தெழுதல் மட்டும் இல்லை. மறுமையை ஏற்காத பெரும்பாலோருக்கு மனிதனை அழிப்பது காலம் மட்டுமே. குர்ஆன் அவர்களுக்குச் சொன்ன பதில் மீண்டும் மீண்டும் மழையில் வந்து நிற்கிறது. வறண்டு கிடந்த நிலம் ஒரு மழையில் பச்சை பிடிப்பதைப் பார்க்கிறீர்களே, அதைச் செய்பவனுக்கு இறந்தவரை எழுப்ப இயலாதா என்று 30, 41ஆம் அத்தியாயங்கள் கேட்கின்றன. கல்லறைக்கு வேண்டப்பட்ட மழை, கல்லறையிலிருந்து எழுதலுக்குச் சான்றாக மாறியது. ஜாஹிலிய்யாவுக்கும் இஸ்லாத்துக்கும் இடையில் நடந்த மாற்றங்களில் எனக்கு ஆழமானதாகப் படுவது இதுதான்.

விளைச்சலிலும் அந்த மாற்றம் தெரிகிறது. அரபுகள் தம் பயிரிலும் கால்நடையிலும் ஒரு பங்கை அல்லாஹ்வுக்கும் ஒரு பங்கைத் தம் தெய்வங்களுக்கும் ஒதுக்கினார்கள் என்று 6ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. பஹீரா, ஸாயிபா, வஸீலா, ஹாம் என்று பெயரிட்டுச் சில ஒட்டகங்களையும் ஆடுகளையும் தெய்வங்களுக்காக நேர்ந்து விட்டார்கள். 5ஆம் அத்தியாயம் அதை மறுத்தது. பலியின் இறைச்சியோ இரத்தமோ இறைவனைச் சேர்வதில்லை என்றது 22ஆம் அத்தியாயம். தெய்வத்தின் பங்கு நீங்கிய இடத்தில் ஏழையின் பங்கு வந்தது. அறுவடை நாளில் அதற்குரிய கடமையைக் கொடுக்க வேண்டும்: மழையிலும் ஊற்றுநீரிலும் விளைந்ததில் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. மனித உழைப்பு கூடினால் கடமை பாதியாகக் குறைகிறது. வானம் இலவசமாகத் தந்ததில் ஏழைக்கு இரட்டிப்புப் பங்கு என்ற இந்தக் கணக்கு, காலபோகத்து மானாவாரி நெல்லையும் பம்பி வைத்து இறைத்த நெல்லையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எந்தக் கமக்காரருக்கும் உடனே விளங்கும்.

பழையது எல்லாவற்றையும் இஸ்லாம் துடைத்தெறியவில்லை. கஅபாவைச் சுற்றுவதும், ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே நடப்பதும், போர் தவிர்க்கும் புனித மாதங்களும் நிலைத்தன. மழை வேண்டுதலும் நிலைத்தது; ஆனால் முற்றிலும் வேறு வடிவம் கொண்டது. இஸ்திஸ்கா என்ற தொழுகைக்கு மக்கள் திறந்த வெளிக்குப் போகிறார்கள். இரண்டு ரக்அத் தொழுகை, பாவமன்னிப்பு வேண்டுதல், நபிகள் செய்தது போல மேலாடையைப் புரட்டிப் போட்டுக்கொள்ளுதல். நிலைமை புரளட்டும் என்பது அந்தச் செயலுக்குப் பலரும் தரும் விளக்கம். தீ இல்லை, மாடு இல்லை, வானத்தைக் கட்டாயப்படுத்தும் எதுவும் இல்லை. வறட்சிக் காலங்களில் இலங்கைப் பள்ளிவாசல்களும் இந்தத் தொழுகையை நடத்துகின்றன. இதோடு சேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியை அனஸ் என்ற தோழர் அறிவிக்கிறார். வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து கால்நடைகள் அழிகின்றன என்று முறையிட, நபிகள் கையேந்தினார்கள்; மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளி வரை விடவில்லை. மறுபடியும் ஒருவர் வந்து வீடுகள் இடிகின்றன என்றார். எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம் என்ற கருத்தில் நபிகள் வேண்டினார்கள். 2018 டிசம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வெள்ளம் மூடியபோது வன்னி மக்களும் வேண்டியது அதைத்தான்.

ஹிஜ்ரி 18இல், 639 அளவில், மதீனாவைக் கொடிய பஞ்சம் பிடித்தது. சாம்பல் ஆண்டு என்று அதற்குப் பெயர். கலீஃபா உமர் மழை வேண்டி நின்றபோது நபியின் சிறிய தந்தை அப்பாஸை முன்னிறுத்தி, முன்னர் எங்கள் நபியைக் கொண்டு வேண்டினோம், இப்போது அவருடைய சிறிய தந்தையைக் கொண்டு வேண்டுகிறோம் என்ற பொருளில் இறைஞ்சினார். புகாரியில் உள்ள இந்தச் செய்திதான் பெரியதொரு விவாதத்தின் வேர். நபி மறைந்தபின் அவரைக் கொண்டு வேண்டாமல், உயிரோடு இருந்த அப்பாஸின் பிரார்த்தனையை உமர் நாடியதே, மறைந்தவரைக் கொண்டு வேண்டக் கூடாது என்பதற்குச் சான்று என்பார் அறிஞர் இப்னு தைமிய்யா. இறைவனுக்கு நெருக்கமானவரைக் கொண்டு வேண்டுவது ஆகுமென்பதற்கு இதுவே சான்று என்பார் இன்னோர் அறிஞர் தகிய்யுத்தீன் சுப்கி. இலங்கையில் சூஃபித் தரீக்காக்காரருக்கும் தவ்ஹீத் அமைப்புகளுக்கும் இடையே ஸியாரங்கள் எனப்படும் இறைநேசர் அடக்கத்தலங்களைப் பற்றி நடக்கும் சண்டையின் ஒரு முனை இங்கேதான் தொடங்குகிறது. இரு தரப்பும் ஓரிறைக் கொள்கையைக் காப்பதாகவே நம்புகிறார்கள். ஆனால் எதிர்த்தரப்பை ஜாஹிலிய்யா என்று அழைக்கத் தொடங்கியதும் விவாதம் வேறொன்றாகிறது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் ஸஹ்ரான் ஹாஷிமின் குழு அப்துர் ரஊப் மௌலவியின் ஆதரவாளர்களோடு மோதியதும், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று அதே ஸஹ்ரானின் ஆட்கள் தேவாலயங்களில் குண்டு வெடிக்கச் செய்ததும், அந்தச் சொல்லைப் பக்கத்து வீட்டின் மேல் எறிந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த நாட்டுக்குக் காட்டின. ஹுதைபிய்யாவின் விடியலில் சொல்லப்பட்டது கேட்பவர் தம் உள்ளத்தைச் சோதித்துக்கொள்வதற்கானது. அயலவரின் உள்ளத்தைப் பிளந்து பார்க்கும் உரிமையை அது எவருக்கும் கொடுக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்களின் பழைய இலக்கியம் இந்த இடத்தை வேறு விதமாகக் கையாண்டது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா, யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கும் கேள்விகளுக்கு நபிகள் விடை சொல்வதாக அமைந்து, கொள்கையைத் தமிழ்ச் செய்யுளில் விளக்குகிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வந்தது. அதன் நாட்டுப்படலத்தில் அரபு நாட்டின் மேல் மேகம் எழுந்து, மலையில் மழை பொழிந்து, வெள்ளம் நிலந்தோறும் பாய்ந்து, வயலில் நெல் விளைகிறது. அரேபியாவை உமறு பார்த்ததில்லை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது அறியாமையாகத் தெரியவில்லை. அருள் என்பதை மழையன்றி வேறெதிலும் காணாத மக்களுக்கு, அருளின் தூதர் பிறந்த நாட்டைக் காட்ட வேறு வழி இல்லை. கொள்கையில் ஓர் அணுவும் தளராமல் உமறு தமிழ்நிலத்தின் மழையை மக்காவுக்குக் கொண்டுபோனார்.

வன்னி முஸ்லிம்கள் அந்தத் தமிழோடுதான் வாழ்ந்தவர்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் ஆகிய அவர்களுடைய ஊர்கள் முள்ளியவளையை ஒட்டியவை. உப்புநீர் விளக்கு எரியும் கோவிலும் வற்றாப்பளையும் தூரத்தில் இல்லை. ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து வயல். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் கிட்டத்தட்ட அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய் இருபது ஆண்டுக்குமேல் முகாம்களில் வாழ்ந்தார்கள். அது தமிழரின் பெயரால் நடந்த பெரும் அநீதி. தமிழில் எழுதுகிறவர் எவரும் அதை மெல்லச் சொல்லக் கூடாது. புத்தளத்து முகாம்களில் பிறந்த ஒரு தலைமுறை அயல் வயலில் பொங்கல் பொங்குவதைக் காணாமலே வளர்ந்தது. 2009க்குப் பின் திரும்பியவர்களுக்குக் காடேறிய காணிகளும் இடிந்த பள்ளிவாசல்களும் காத்திருந்தன. கொள்கையில் உறுதியாக இருந்துகொண்டே அயலவரோடு மழையைப் பற்றிப் பேசும் பழக்கத்தை அவர்களில் இளையோர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அவர்களைத் திரும்ப ஏற்க வேண்டிய தமிழர்களுக்கும் கற்க நிறைய இருக்கிறது.

அந்தப் பேச்சுக்கு வேண்டிய இடத்தை இமாம் ஷாஃபிஈ எப்போதோ ஒதுக்கி வைத்திருக்கிறார். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றுவது அவருடைய மத்ஹபை, அதாவது சட்ட வழியைத்தான். அல்-உம்மு என்ற தம் நூலில் ஹுதைபிய்யாச் செய்தியை எடுத்துக்கொண்டு அவர் இரண்டாகப் பிரிக்கிறார். நட்சத்திரமே மழையைத் தருகிறது என்று இணைவைப்பாளர் நினைத்தது போல நினைத்துச் சொன்னால் அது இறைமறுப்பு. இன்ன நட்சத்திரத்தின் காலத்தில் மழை பெய்தது என்று சொன்னால், இன்ன மாதத்தில் பெய்தது என்பது போன்றதே, மறுப்பு ஆகாது. வேறு சொல்லால் சொல்வது நல்லது என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறார். பின்னர் இப்னு குதைபா அன்வாக் கணக்கை ஒரு தனி நூலாகவே எழுதினார். முஸ்லிம் நாடுகளின் உழவர் நாட்காட்டிகளில் அது நூற்றாண்டுகள் வாழ்ந்தது. ஷாஃபிஈ தம் பிரிவுக்குக் காட்டும் சான்றும் உமரைப் பற்றியது. மழை வேண்ட மேடையேறிய அவர், ஸுரையாவின் காலத்தில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று அப்பாஸிடம் கேட்டார். மழை யார் தருவது என்பதில் உமருக்கு ஐயம் இருந்ததில்லை. கார்த்திகை எத்தனை நாள் மிச்சம் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்பாஸ் கணக்குச் சொன்னார், உமர் கையேந்தினார்.